ஆர்87, என்87

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் அமெரிக்க மருத்துவமனைச் சார்ட்டுகளுக்கு நோய்க் குறியீடு இடும் வேலையில் சேர்ந்து எனக்கு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நுண்ணுயிரியல் படித்துவிட்டு, ஓசூரில் அலுவலக வண்டி ஏறி, அத்திப்பள்ளி நெரிசலில் மிச்சத் தூக்கத்தை முடித்துக்கொண்டு வந்து இறங்கும் கோடர்கள் இங்கே நிறையவே உண்டு. எனக்கு வருபவை பெரும்பாலும் மகளிர் நோய்ப் பிரிவின் சார்ட்டுகள். அவற்றில் மிக எளிது என்று நான் நினைத்திருந்ததும், தணிக்கையில் என்னை முதன்முதலாகக் கவிழ்த்ததும் பாப் ஸ்மியர் என்னும் கருப்பை வாய்ச் செல் பரிசோதனைதான்.

அன்றைய சார்ட்டில் கருப்பை வாய்ச் செல்களில் உயர்நிலை மாற்றம் என்று முடிவு வந்திருந்தது. அதன் ஆங்கிலச் சுருக்கத்தை நாங்கள் 'எச்சில்' என்றுதான் சொல்வோம். புதிதாகச் சேரும் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு வாரம் சிரித்துவிட்டுப் பழகிக்கொள்வார்கள். உயர்நிலை என்ற சொல்லைப் பார்த்த வேகத்தில், அதை மிதமான டிஸ்பிளேசியா, அதாவது புற்றுநோயாக மாறக்கூடிய திசு மாற்றம், என்று நானாகவே பொருள்கொண்டு, அதற்குரிய என்87.1 என்ற குறியீட்டை இட்டுவிட்டேன். மறுநாள் தணிக்கை செய்யும் மேடம் என் இருக்கைக்கு வந்து, திரையில் அந்த வரியை விரலால் தொட்டு, "பயாப்ஸி எங்கேம்மா?" என்று மட்டும் கேட்டார். சார்ட்டை மேலும் கீழும் இரண்டு முறை உருட்டிப் பார்த்தேன். திசுவை வெட்டிச் சோதிக்கும் பயாப்ஸி எடுக்கப்படவே இல்லை. கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கோல்போஸ்கோபிக்கே அடுத்த வாரம்தான் நாள் குறித்திருந்தார்கள். நான் இட்டிருக்க வேண்டியது ஆர்87.613.

ஓர் எழுத்தும் சில எண்களும்தானே மாறின என்று தோன்றலாம். ஆனால் பாப் ஸ்மியர் என்பது கருப்பை வாயின் மேற்பரப்பிலிருந்து சுரண்டி எடுத்த உதிரிச் செல்களைப் பார்ப்பது. டிஸ்பிளேசியாவின் நிலையோ, தோல்போன்ற அந்தப் படலத்தின் தடிமனில் மாற்றம் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பதைக் கொண்டு சொல்லப்படுவது. அடிப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கோடு நின்றால் முதல் நிலை, மூன்றில் இரண்டு பங்கு வரை போனால் இரண்டாம் நிலை, அதையும் தாண்டினால் மூன்றாம் நிலை. உதிர்ந்த செல்லுக்கு மேல் எது, கீழ் எது? அடுக்கு குலையாமல் திசுவை வெட்டி எடுத்துப் பார்த்தால்தான் அது தெரியும். ஆகவே செல்லைப் பார்த்துச் சொன்னவை எல்லாம் ஆர் எழுத்திலும், திசுவைப் பார்த்து உறுதி செய்த முதல் இரண்டு நிலைகள் என்87இலும், மூன்றாம் நிலை டி06இலும் போகின்றன. 2015 அக்டோபர் 1 முதல் அமெரிக்காவில் நடைமுறையில் இருக்கும் குறியீட்டு நூலில், என்87இன் கீழேயே, திசுவால் உறுதியாகாத ஸ்மியர் முடிவை இங்கே இடாதே என்று விலக்குக் குறிப்பு இருக்கிறது. நான் அதைப் படித்திருந்தேன், படித்ததோடு சரி.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது ஆர்87.614. ஸ்மியரிலேயே புற்றுநோய்க்கான சான்று தெரிகிறது என்று ஆய்வகம் எழுதியிருந்தாலும், திசு முடிவு வராதவரை அதைப் புற்றுநோய்க்குரிய சி53இல் போட முடியாது. அவ்வளவு கண்டிப்பான நூல் அது. ஆர்87.615 நேர்மாறான சங்கதி: மாதிரி போதவில்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதையும் அது சொல்வதில்லை, ஆனாலும் எண்ணைப் பார்த்து நோய் என்று மிரள்பவர்கள் உண்டு.

குறியீடு தவறு என்று காப்பீட்டு நிறுவனம் பில்லைத் திருப்பி அனுப்பினால் அலுவலகமே பதறுகிறது. எனக்கென்னவோ, பணம் வந்துவிட்ட தவறான குறியீடுதான் பெரிய கெடுதலாகப் படுகிறது. திரும்பி வந்ததை யாராவது திறந்து பார்த்துத் திருத்துவார்கள். பணம் வந்ததை ஒருவரும் திறப்பதில்லை, அது அந்தப் பெண்ணின் நோய்ப் பட்டியலில் உட்கார்ந்துகொண்டு, அடுத்த ஆண்டு வேறொரு மருத்துவரின் குறிப்பில் 'முன்பு டிஸ்பிளேசியா இருந்தவர்' என்று வெளியே வரும்.

சென்ற மாதம் அல்சூரில் இருக்கும் என் அத்தை தொலைபேசியில் அழைத்து, உடனே வரச் சொன்னார். மகளிர் மருத்துவர் சொன்னதற்காகப் பாப் ஸ்மியர் எடுத்திருக்கிறார். தாளை என் கையில் கொடுத்துவிட்டு, வாயால் சொல்லக்கூட அஞ்சி, "ஏம்மா, இது அதுதானா?" என்றார். நாங்கள் 'ஆஸ்கஸ்' என்று சொல்லும் முடிவு அது: செல்கள் சற்று மாறித் தெரிகின்றன, என்ன காரணம் என்று இதைக்கொண்டு சொல்ல முடியவில்லை என்பதே அதன் பொருள். என் மனம் பழக்கத்தில் ஆர்87.610 என்று முணுமுணுத்துக்கொண்டது. "இல்ல அத்தை, இன்னும் யாரும் எதுவும் சொல்லலை. அடுத்த டெஸ்ட் பார்த்துட்டுத்தான் டாக்டரே சொல்வாங்க" என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இல்லை, "படிச்சவங்க எழுதின தாள்ல எதுவும் சொல்லலைன்னா எப்படி?" என்று கேட்டார்.

அதன் பிறகு, கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்.பி.வி. வைரஸுக்கான பரிசோதனையில் ஆபத்தான வகைக் கிருமி இல்லை என்று வந்தது. இருந்திருந்தால் ஆர்87.810ஐயும் சேர்த்து இடுவோம். மருத்துவர் சொன்ன இடைவெளியில் மறுபடி வரச் சொல்லி அனுப்பிவிட்டார். பில்லை வாங்கிப் பார்த்தேன். பாப் ஸ்மியர் என்று ஒரு வரி, எச்.பி.வி. என்று ஒரு வரி, எதிரே தொகை. குறியீடு எதுவும் இல்லை. அத்தை அதை நான்காக மடித்து, கேஸ் சிலிண்டர் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.