இடது விலாவுக்குக் கீழே வலி என்றால் ‘கேஸ்’ என்று விட்டுவிடாதீர்கள்

மகளுக்கு மோனோ என்ற வைரஸ் காய்ச்சல் என்று தெரிந்தபோது எல்லோரும் தொண்டையைத்தான் பார்த்தார்கள். காய்ச்சல், வீங்கிய டான்சில், கழுத்தில் நெறி. எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ்தான் காரணம், ஓய்வெடுத்தால் போய்விடும் என்றார்கள். இடது விலாவுக்கு உள்ளே இருக்கிற மண்ணீரல் என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை.

காய்ச்சல் தணிகிற நேரத்தில் இடது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்றாள். மூச்சை இழுத்தால் கூடுகிறது, இடது தோளிலும் வலி. டியூட்டி டாக்டர் வயிற்றை அழுத்து அழுத்தென்று அழுத்திவிட்டு, கேஸ் என்று சிரப் எழுதினார். கேஸுக்குத் தோள் ஏன் வலிக்கிறது என்று கேட்டதற்கு, “கூகுள் பார்த்தீங்களா?” என்றார். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. மண்ணீரலுக்கு மேலே இருக்கிற உதரவிதானம், அதாவது மூச்சுக்கு உதவும் தசை, உறுத்தப்பட்டால் வலி தோளில் தெரியுமாம். இதை அப்புறம் பார்த்த மருத்துவர் ஒரே நிமிடத்தில் விளக்கினார்.

அவர்தான் அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொன்னார். மண்ணீரல் வீங்கியிருந்தது. மோனோ வந்தவர்களில் பாதிப் பேருக்காவது அது வீங்கும். வலி அதற்கு மீறி இருந்ததால் சாய ஊசி போட்டு சிடி ஸ்கேனும் எடுத்தார்கள். கிழிசல் இல்லை, ரத்தக்கசிவு இல்லை. ஆனால் மண்ணீரலில் ஆப்பு வடிவத்தில் ஒரு பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்றிருந்தது. பிள்ளைகளுக்கு இது அபூர்வம். அறுவை சிகிச்சை வேண்டியிருக்கவில்லை. வலி மருந்தும் கண்காணிப்பும் போதுமாயின.

வார்டில் வருகிறவர் எல்லோரும் வயிற்றில் கை வைக்க வந்தார்கள். “ரிப்போர்ட் இருக்கு, முதல்ல படிங்க” என்று தடுத்தேன். வீங்கிய மண்ணீரலைத் திரும்பத் திரும்ப அழுத்தக்கூடாது, நீங்களும் தயங்காமல் சொல்லுங்கள். அடிபடாமலேகூட அது கிழியலாம். நூறில் ஒருவருக்கும் குறைவாகத்தான் நடக்கும், பெரும்பாலும் நோய் தொடங்கிய முதல் மூன்று நான்கு வாரங்களுக்குள். திடீர் வயிற்றுவலியோடு பிள்ளை வெளுத்தாலோ தலைசுற்றினாலோ நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள். ஆஸ்பிரின் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘ரெஸ்ட்’ என்று ஒற்றைச் சொல். அதைப் பார்த்துவிட்டு, காய்ச்சல்தான் போய்விட்டதே, ஓடினால் என்ன என்று விளையாட்டு ஆசிரியர் கேட்டார். திரும்பப் போய், ஓட்டம், குதித்தல், சைக்கிள், பந்து எதுவும் மறு ஸ்கேன் வரை கூடாது என்று தனித்தனியாக எழுதி முத்திரையோடு வாங்கி வந்தேன். அதற்கு மேல் அவர் வாயைத் திறக்கவில்லை.