மெதுவாக ஓட்டத் தெரிந்த வேகக்காரர்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டை அடுத்த எங்கள் ரப்பர் தோட்டத்துக் கோயில் திருவிழாவில், மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி ஒன்று இருந்தது. கால் தரையில் படாமல் கடைசியாக வந்து சேர்பவருக்கே பரிசு. ரப்பர்ப் பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு செம்மண் மேடுகளில் ஏறி இறங்கிப் பழகிய அப்பா, ஹேண்டிலை இப்படியும் அப்படியும் சன்னமாக ஒடித்து, ஏறத்தாழ நின்ற இடத்திலேயே நிற்பார். அவர் வென்ற எவர்சில்வர் தூக்குச்சட்டியில் அம்மா இன்றும் புளி வைத்திருக்கிறார்.

மலேசியச் சைக்கிள் வீரர் அஸிசுல்ஹஸ்னி அவாங் 2017இல் ஹாங்காங்கில் கெய்ரின் என்னும் சைக்கிள் பந்தயத்தில் உலகப் பட்டம் வென்ற பிறகுதான், இந்த வித்தைக்கு உலக அரங்கிலும் இடமுண்டு என்பதை அறிந்தேன். இருவர் மோதும் ஸ்பிரிண்ட் பந்தயத்தில் முன்னே போகிறவர் காற்றைக் கிழிக்க வேண்டும், பின்னே வருபவருக்கோ அந்தச் சிரமம் குறைவு என்பதால், இருவருமே முந்தத் தயங்கிச் சில சமயம் சைக்கிளை அசையாமல் நிறுத்தியே வைத்திருப்பார்கள். அதன் பழைய வரலாற்றைத் தேடப்போய்க் கண்ட பெயர்தான் மார்ஷல் 'மேஜர்' டெய்லர்.

1878இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் பிறந்த இந்தக் கறுப்பினச் சிறுவரை, ஒரு சைக்கிள் கடைக்காரர் இராணுவச் சீருடை அணிவித்து வாசலில் வித்தை காட்ட வைத்தார். 'மேஜர்' என்ற பட்டப்பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. 1899இல் மாண்ட்ரியலில் ஒரு மைல் ஸ்பிரிண்ட் உலகப் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 20. அதற்கு முன்பே, 1897இல், டாண்டன் நகரில் பந்தயம் முடிந்த கையோடு ஒரு வெள்ளை வீரர் அவருடைய கழுத்தை நெரித்திருந்தார். பந்தயத்தில் பலர் கூட்டுச் சேர்ந்து அவரை அடைத்து மறிப்பது வழக்கமாகவே இருந்தது. அந்த நெரிசலில் சந்து கண்டு புகுந்து வெளியேறும் அவருடைய சாமர்த்தியத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். அவர் பட்ட அடிகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் அவர் ஓட்டிய விதம் மறைந்துபோகிறது.

அவர் மறக்கப்பட்டதற்கு நிறம் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த விளையாட்டே அமெரிக்காவில் செத்துப்போனதும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்: ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு எங்கள் திடலும் போட்டியும் போன கதைதான். 1928இல் தம் வரலாற்றைத் தாமே அச்சிட்டு வீடுவீடாகச் சென்று விற்ற டெய்லர், 1932இல் சிகாகோவில் ஏழைகளுக்கான மருத்துவமனைப் பிரிவில் இறந்து, அடையாளமற்ற குழியில் புதைக்கப்பட்டார். 1948இல்தான் பழைய சைக்கிள் வீரர்கள் சிலர், சைக்கிள் தயாரிப்பாளர் ஷ்வின்னின் பண உதவியோடு, அவரை முறையான கல்லறைக்கு மாற்றினார்கள்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டியிட மாட்டேன் என்று, பக்தி மிகுந்த டெய்லர் ஐரோப்பியர் கொடுக்க முன்வந்த பெரும் பணத்தையே மறுத்த செய்தி வந்ததும் அவர் இடைமறித்தார்.

“ஞாயித்துக்கெழமை வரலன்னா சம்பளத்துல பிடிக்கலையாப்பா?”

பிடிக்கவில்லை, 1901இல் ஞாயிறு தவிர்த்த ஒப்பந்தத்தோடுதான் ஐரோப்பாவுக்குப் போனார் என்றேன். அப்பா சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

“எழுதி வாங்கிட்டானா!” என்றார்.