புகைப்படக்காரர் வீடியோவுக்கு வரும்போது

வீடியோ கற்றுக்கொள்ள எங்கள் பிரிவுக்கு வருகிறவர்களில் பலர் ஏற்கெனவே புகைப்படம் எடுத்துப் பழகியவர்கள். லென்ஸ் தெரியும், வெளிச்சம் தெரியும், இவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எளிது என்று அவர்களை அனுப்பிவைப்பவர்கள் சொல்வார்கள். பயிற்சி கொடுக்கிற என் அனுபவம் நேர்மாறானது. கேமராவையே தொடாதவர் ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்வதைப் புகைப்படக்காரர் மாதக்கணக்கில் எதிர்த்துக்கொண்டிருப்பார். அவருடைய விரல் ஷட்டர் சக்கரத்தை விட்டு இறங்க மறுக்கும்.

புகைப்படத்தில் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்த மூன்று வழிகள்: ஒளி எவ்வளவு நேரம் விழுகிறது என்னும் ஷட்டர் வேகம், லென்ஸ் துளையின் அளவு, ஒளிக்கான உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ. வெயில் அதிகமா, ஷட்டரை 1/2000 நொடிக்குத் தள்ளு, முடிந்தது. வீடியோவில் அந்த முதல் வழி வேலை தொடங்கும் முன்பே அடைபட்டுவிடுகிறது. நொடிக்கு 25 ஃப்ரேம், அதாவது 25 தனிப் படங்கள், என்று முடிவு செய்த கணத்தில் ஷட்டர் 1/50 என்று ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. பழைய ஃபிலிம் கேமராக்களில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு தகடு சுழன்றுகொண்டிருக்கும். வழக்கமாக அதில் பாதி வட்டம் திறப்பு, பாதி மறைப்பு. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கிடைத்த நேரத்தில் பாதிதான் ஃபிலிமில் ஒளி விழுந்தது. அந்த அளவில் கிடைத்த லேசான அசைவுக் கலங்கலுக்குத்தான் தலைமுறை தலைமுறையாகப் பார்வையாளர்களின் கண் பழகியிருக்கிறது. 1/1000 வைத்துப் பேசுகிறவரின் கையசைப்பை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஃப்ரேமும் கூர்மையாக இருக்கும், ஓடவிட்டால் கை வெட்டி வெட்டி நகரும்.

இது கடவுள் போட்ட சட்டம் இல்லை. ஓட்டப் பயிற்சியாளர் ஒருவர் காலசைவை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் 1/1000தான் சரி. ஆனால் அப்படி ஒரு காரணம் இல்லாதபோது ஷட்டரைப் பூட்டி வைத்துவிடச் சொல்கிறேன். அங்கிருந்துதான் கேள்விகள் வரிசையாகக் கிளம்பும்.

முதலில் வருவது என்டி ஃபில்டர். அது என்ன, கட்டாயமா, எந்த எண்ணில் வாங்குவது? கணக்குப் போட்டுக் காட்டினால் புகைப்படக்காரர்கள் உடனே புரிந்துகொள்கிறார்கள். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100 என்றால் துளை எஃப்/16 என்பது அவர்களுக்குத் தெரிந்த பழைய கணக்கு. ஷட்டர் 1/50க்கு வந்ததும் ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, வெளிச்சம் கூடுகிறது. பின்னணி கலங்கலாக வேண்டும் என்று துளையை எஃப்/2.8க்குத் திறந்தால் இன்னும் ஐந்து ஸ்டாப். ஆக ஆறு ஸ்டாப், 64 மடங்கு கூடுதல் வெளிச்சம். அதை லென்ஸுக்கு முன்னாலேயே தடுக்கிற கண்ணாடிக்குத்தான் என்டி64 என்று பெயர். கற்றுக்கொள்கிறவர் இரண்டாவது லென்ஸ் வாங்கலாமா என்று கேட்டால், ஃபில்டர் வாங்கிவிட்டீர்களா என்றுதான் நான் முதலில் கேட்பேன். திருகித் திருகி மாற்றும் ஃபில்டர் வசதியானது, ஆனால் உள்ளே இருப்பவை இரண்டு போலரைசர்கள், ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் கண்ணாடிகள். கடைசி வரை திருகினால், அதிலும் அகல லென்ஸில், படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போல ஒரு கருமை படரும். அதன் எல்லைக்குச் சற்று முன்பே நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்த கேள்வி பெரும்பாலும் அறைக்குள் எடுத்த முதல் பதிவோடு வரும். "அக்கா, படத்தில் கோடு கோடாக ஓடுகிறது. கேமரா பழுதா?" கேமராவில் ஒன்றுமில்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. ஷட்டர் 1/50 அல்லது 1/100 ஆக இருந்தால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் முழுத் துடிப்புகள் கிடைத்துவிடும், கண்ணுக்கு எதுவும் தெரியாது. 60 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் அதே வேலையை 1/60, 1/120 செய்யும். மங்கலாக்கும் வசதியுள்ள எல்இடி விளக்குகள் சில இந்தக் கணக்குக்கே கட்டுப்படுவதில்லை. அவை தம் போக்கில் வேகமாக அணைந்து எரிகின்றன. அவற்றை முழு வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கலாம். ஷட்டரைத் தசமப் புள்ளி அளவில் நகர்த்தும் வசதி சில கேமராக்களில் உண்டு, அதையும் முயலலாம். இரண்டும் உதவாவிட்டால் அந்த விளக்கை அணைத்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவருவதுதான் வழி.

மெதுவாக ஓடும் காட்சி ஆசை இந்த இரண்டு சிக்கல்களையும் ஒன்றாக்கிவிடும். நொடிக்கு 100 ஃப்ரேம் எடுத்து 25இல் ஓடவிட்டால் நான்கு மடங்கு மெதுவாகத் தெரியும், அழகாகவும் இருக்கும். ஆனால் ஷட்டர் 1/200 ஆகிவிடுகிறது. வெளிச்சத்தில் இரண்டு ஸ்டாப் போயிற்று. ஐஎஸ்ஓவை ஏற்றினால் புள்ளி புள்ளியாக இரைச்சல். அதோடு விளக்கின் ஒரு துடிப்பைவிட ஷட்டர் குறுகிவிட்டதால் ஒளித்துடிப்பும் திரும்பி வந்து நிற்கும். எந்தக் கேமராவில் மெதுவான காட்சி நன்றாக வரும் என்று கேட்கிறவரிடம், எந்த வெளிச்சத்தில் எடுக்கப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பது அதனால்தான். கேள்வியைத் தட்டிக்கழிப்பதாகச் சிலர் நினைக்கிறார்கள். வீடியோவில் ஒரு கேள்விக்கான விடை அநேகமாக அதற்கு முந்தைய முடிவில்தான் கிடக்கிறது. இது எனக்கும் எரிச்சல் தருகிற உண்மைதான்.

ஒலிக்கு வருவோம். இங்கே புகைப்படக்காரர், புதியவர் என்ற வேறுபாடு இல்லை. எல்லோரும் கேட்பது ஒன்றே: எந்த மைக் நல்லது?

மைக்கை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பேசுகிறவருக்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் நேராக வந்துசேரும் குரல் ஏறக்குறைய 6 டெசிபெல் குறைகிறது. அறையின் எதிரொலியும் மின்விசிறி இரைச்சலும் அப்படிக் குறைவதில்லை, அவை அப்படியே நிற்கும். இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் கேமராவின் தலையில் மாட்டிய விலை உயர்ந்த மைக்கைவிட, வாயிலிருந்து 20 சென்டிமீட்டர் தூரத்தில் சட்டையில் குத்திய எளிய மைக்குக்குக் குரல் பத்து மடங்கு அருகில் இருக்கிறது, 20 டெசிபெல் சாதகம். எந்த நிறுவனம் எவ்வளவு பணம் வாங்கினாலும் இந்த இடைவெளியை நிரப்ப முடியாது. நீளமான ஷாட்கன் மைக் தூரத்துக் குரலை இழுத்துக்கொண்டுவரும் என்று ஒரு நம்பிக்கை நிலவுகிறது. அது எதையும் இழுப்பதில்லை, பக்கவாட்டுச் சத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவே. வெற்றுச் சுவர்கள் நெருக்கும் சிறிய அறையில் சுவரில் பட்டுத் திரும்பும் குரல் எல்லாத் திசைகளிலிருந்தும் வருவதால் அதன் திறமை அங்கே எடுபடுவதும் இல்லை. அறையில் துணி, மெத்தை, திரைச்சீலை இருக்கிறதா என்று நான் முதலில் பார்ப்பேன். இல்லையென்றால் போர்வை கொண்டுவரச் சொல்வேன். சட்டகத்துக்கு வெளியே தரையில் விரித்த போர்வை வேலை செய்கிறது. பார்க்கத்தான் கொஞ்சம் அசிங்கம்.

ஒலி அளவு பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமான பதில் உண்டு. பேச்சின் உச்சம் கழித்தல் 12 டெசிபெல் அருகில் நிற்கட்டும். டிஜிட்டலில் சுழியத்துக்கு மேலே எதுவும் இல்லை. அதைத் தொட்ட குரல் நசுங்கிப்போகும், எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது. மிகப் பெரிய ஒலியையும் நசுங்காமல் எண்ணாக்கி வைக்கும் 32 பிட் ஃப்ளோட் பதிவுக் கருவி வந்த பிறகு இதெல்லாம் தேவையா என்று அண்மையில் ஒரு இளைஞர் கேட்டார், நியாயமான கேள்விதான். அளவு தவறியதால் வரும் நசுங்கலிலிருந்து அது காப்பாற்றும். மைக்கில் உரசும் சட்டைக் காலரிலிருந்தும், ஜன்னலுக்கு வெளியே நின்று உறுமும் ஜெனரேட்டரிலிருந்தும் காப்பாற்றாது. அவற்றைப் பிடிக்கும் கருவி ஹெட்ஃபோன் ஒன்றுதான். திரையில் பச்சைக் கோடு ஆடுவதைப் பார்த்து ஒலி சரியாக இருக்கிறது என்று முடிவு செய்பவரோடு நான் பேட்டிக்குப் போவதில்லை.

பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அரை நிமிடம் அறையின் வெறும் ஒலியைப் பதிவு செய்யச் சொல்வேன். வாக்கியங்களை வெட்டி ஒட்டும்போது விழும் இடைவெளிகளை நிரப்ப அது வேண்டும். முழு நிசப்தத்தை வைத்தால் காது உடனே கண்டுபிடித்துவிடும். தொழில்நுட்பம் எளிது. பெரிய பதவியில் இருப்பவர் ஒருவரிடம் "ஐயா, அரை நிமிடம் அசையாமல் இருங்கள்" என்று சொல்லும் துணிச்சல்தான் புதியவர்களுக்கு வருவதில்லை. முன்கூட்டியே, பேட்டி தொடங்கும்போதே சொல்லிவைத்தால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பாதி வழியில் யாராவது சிரித்துவிடுவார்கள், மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

எந்த ஒளியிலும் வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸ் தானியங்கியில் இருக்கலாமா? கூடாது. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் பின்னால் நடந்துபோனால் ஒரே ஷாட்டின் நடுவில் முகத்தின் நிறம் மாறும். பகல் வெளிச்சத்துக்கு 5600 கெல்வின், பழைய டங்ஸ்டன் விளக்குக்கு 3200 என்று பூட்டிவிடுங்கள். ஜன்னல் ஒளியும் மஞ்சள் விளக்கும் கலந்த அறையில் எந்த எண் வைத்தாலும் ஒன்று தப்பாகத்தான் தெரியும். ஒன்றை அணைப்பதோ மறைப்பதோ சீக்கிரம் முடிகிற வேலை.

கேமராவை ஆடாமல் தாங்கும் மோட்டார் பிடியான ஜிம்பல் வாங்கும் ஆசையை நான் தடுப்பதில்லை, தள்ளிப்போடச் சொல்கிறேன். அது கேமராவின் சாய்வையும் திரும்பலையும் சரிசெய்யும். நடக்கும்போது உடம்பு மேலும் கீழும் போவதைச் சரிசெய்யாது; அதற்கு முழங்காலை மடக்கி நடக்கப் பழக வேண்டும். அதற்குள் ஒரு நல்ல ட்ரைபாடில் நிறுத்தி, ஒவ்வொரு ஷாட்டையும் பத்து நொடி அசையாமல் எடுத்துவருகிறவரைப் படத்தொகுப்பாளர் கையெடுத்துக் கும்பிடுவார்.

பின்னர் நிறம் திருத்துவதற்காக எடுக்கும் லாக் என்னும் வெளிறிய படப்பதிவு பற்றி எனக்கு ஓர் அழுத்தமான கருத்து உண்டு. உங்கள் கேமரா 8 பிட்டில் மட்டும் பதிவு செய்கிறது என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான், 10 பிட் என்றால் 1024. வெளிறிய படத்தை நிறம் திருத்தி இழுக்கும்போது 256 படிகள் போதாமல் வானத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். நிறம் திருத்த நேரமும் கையும் இல்லாதவர் 10 பிட்டில்கூட லாக் எடுக்கத் தேவையில்லை. சாதாரண நிறத்தில் எடுங்கள், மாலையே கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

மெமரி கார்டு விஷயத்தில் குழப்பம் எழுத்துகளால் வருகிறது. "170 என்று போட்டிருக்கிறதே, பிறகு ஏன் பதிவு நின்றுபோனது?" கார்டின் முகப்பில் பெரிதாக அச்சிடுவது பெரும்பாலும் படிக்கும் வேகம். நமக்கு வேண்டியது எழுதும் வேகம், அதுவும் இடைவிடாமல் தாங்கும் குறைந்தபட்ச வேகம். வி30 என்ற குறி நொடிக்கு 30 மெகாபைட்டுக்கு உறுதி தருகிறது, வி60 என்றால் 60. கேமராவோ மெகாபிட்டில் பேசும். 100 மெகாபிட் பதிவு என்பது எட்டால் வகுத்தால் 12.5 மெகாபைட், வி30 தாராளமாகப் போதும். ஆனால் அதே கணக்கில் ஒரு மணி நேரம் 45 ஜிகாபைட் ஆகிறது. 4கே வேண்டுமா என்று கேட்பவர் இந்த எண்ணையும் தம் கணினியின் வயதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். முழு எச்டியைவிட நான்கு மடங்கு புள்ளிகள் கிடைப்பதால், பேட்டியில் ஒரே கேமராவை வைத்துக்கொண்டு பின்னர் நெருங்கிய சட்டகம் ஒன்றையும் வெட்டி எடுக்கலாம். எங்கள் வேலையில் 4கே உண்மையில் பயன்படுவது அதற்குத்தான்.

பதிவு முடிந்த கார்டை யார் அழிப்பது என்று மட்டும் எவரும் கேட்பதில்லை, நானாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் இடத்தில் படம் எடுத்தவர் அழிக்கக் கூடாது. கார்டில் உள்ளவை இரண்டு தனித்தனி வட்டுகளில் ஏறி, படத்தொகுப்பாளர் அவற்றை ஓட்டிப் பார்த்துச் சரி என்ற பிறகு, அவரே சீட்டில் தேதி எழுதிக் கார்டைத் திருப்பித் தருவார். அதைக் கேமராவுக்குள் போட்டு, கேமராவின் மெனுவிலேயே ஃபார்மேட் செய்ய வேண்டும், கணினியில் செய்யக் கூடாது. சீட்டு இல்லாத கார்டு மேசையில் கிடந்தால் அது நிரம்பியது என்றே பொருள், எவ்வளவு அவசரமானாலும்.