யாருக்கு எழுதியிருக்கு?

2018 கோடையில் லண்டன் வந்த அன்று, செயின்ட் பாங்க்ராஸ் ரயில் நிலையத்தில் இரண்டு பெட்டிகளோடு நின்றேன். நம் ஊரில் ஒருவர் ரயிலேறினால் பிளாட்பாரம் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஏழு பேர் வருவோம். இங்கே என்னைக் கூப்பிட ஈ காக்கை இல்லை. நிமிர்ந்தால், கூரைக்குக் கீழே 20 மீட்டர் நீளத்துக்கு இளஞ்சிவப்பு நியான் வெளிச்சம். அவசரமாகக் கிறுக்கிய கையெழுத்தில் ஒரே ஒரு ஆங்கில வரி: உன்னோடு இருக்க எனக்கு நேரம் வேண்டும். சுருக்கென்றது. என் மனசுக்குள் இருந்ததை எவரோ எடுத்து மாட்டிவிட்ட மாதிரி.

படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பி அர்த்தமும் சொன்னேன்.

"யாருக்கு எழுதியிருக்கு?"

"தெரியலம்மா. ஒரு ஓவியர் எழுதினதாம். டிரேசி எமின்னு ஒரு அம்மா."

"கல்யாணம் ஆயிடுச்சா அவங்களுக்கு?"

தேடிப் பார்த்தேன். ஆகியிருந்தது. 2015-ல் பிரான்சில் தன் தோட்டத்தில் இருந்த ஒரு கல்லை மணந்திருக்கிறார். அம்மா அசரவே இல்லை. "கல்லானாலும் கணவன்" என்றாள்.

அதற்கப்புறம் எமின் என்னை விடவில்லை. 1998-ல் தன் கலைந்த படுக்கையை, அழுக்குத் துணிகள், காலி பாட்டில்கள் சகிதம் அப்படியே கலைப்படைப்பாக்கியவர். மறு வருஷம் அது பிரிட்டனின் பெரிய கலை விருதான டர்னர் பரிசுக்கான இறுதிப் பட்டியல் வரை போனது. விருந்தாளி வந்தால் பாயோடு சேர்த்து மானத்தையும் சுருட்டிப் பரணில் போடுகிற வம்சம் நாம். எனக்கு எப்படி இருந்திருக்கும்! சொந்தக் கதையைத் தெருவில் வைக்கலாமா என்று கோபம்தான் வந்தது. நம்மூர்க் கோட்டைச் சுவர்களில் அம்பு துளைத்த இதயத்துக்குள் இரண்டு பெயர்களைச் செதுக்குகிறவனுக்காவது யாரும் பார்க்காத நேரம் வேண்டியிருக்கிறது.

நியான் வாயுவை 1898-ல் ராம்சேயும் டிராவர்ஸும் கண்டுபிடித்தது இதே லண்டனில், அந்த ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில். 1910-ல் விளக்காக்கிக் காட்டியது பாரிஸில், ஜார்ஜ் கிளாட். வெறும் நியான் செக்கச் செவேலென்றுதான் எரியும். மற்ற நிறங்களுக்கு ஆர்கான், பாதரசம், குழாயின் உட்பூச்சு என்று வேறு வேலைகள் உண்டு. கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி, ஒவ்வொரு வளைவாகக் கையால்தான் வளைக்கிறார்கள். ஒரு நொடியில் கிறுக்கிய சுழிக்கு அத்தனை நிதானம். எமின் தன் படைப்புகளில் எழுத்துப்பிழைகளைக்கூடத் திருத்துவதில்லை.

ரயில் நிலைய வரி ஐரோப்பாவுக்கு எழுதியதாம். பிரிட்டன் பிரிந்துபோக நாள் குறித்திருந்த நேரம், பாரிஸ் ரயில் வந்து நிற்கும் நிலையம். சரி, தமிழில் எழுதியிருந்தால் ஐரோப்பாவை நீ என்பதா, நீங்கள் என்பதா? ஆங்கிலத்துக்கு அந்தக் கவலையே இல்லை.

மறு வருஷம் அங்கிருந்தே ரயிலேறி, அவர் வளர்ந்த மார்கேட்டுக்குப் போனேன். கடலோரக் கட்டடம் ஒன்றின் முகப்பில் 2010-ல் வைத்த இன்னொரு நியான் வரி: உன்னை நேசிப்பதை நான் நிறுத்தவே இல்லை. அதை ஊருக்கு எழுதியது என்கிறார்கள். காற்றில் காது விறைக்க, அதற்கு எதிரே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது எனக்கு லண்டன் பழகிவிட்டது. யாரும் வராத பிளாட்பாரமும்தான். பெட்டியை இழுத்துக்கொண்டு ஒருமுறைகூட நிமிராமல் வெளியே வந்துவிடுவேன். ஆனால் டியூப்லைட் ஸ்டார்ட்டர் இரண்டு தடவை கண் சிமிட்டினால் போதும், அந்தக் காலத்தில் விடுதிக்கு அப்பா அனுப்பும் இன்லண்ட் லெட்டர் ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. மழை, மாடு, கூட்டுறவுக் கடன் என்று மூன்று பக்கமும் நிரப்பிவிட்டு, பசை ஒட்டும் ஓரத்தில் குறுக்காக ஒரு வரி சேர்ப்பார். கிழிக்கும்போது பாதி போய்விடும். ஒருமுறை மட்டும் முழுசாகத் தப்பியது: "சனிக்கிழமை கடைசி பஸ் வரைக்கும் வாசல் லைட்டு எறிந்துகொண்டே இருக்கும்."

எறிந்து. வல்லின ற.