தூரின் புனிதத் துணியின் முன் செபித்தபோது

இத்தாலியின் தூரினுக்குப் போக நினைப்பவர்கள் முன்பே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு: இயேசுவின் உடலைச் சுற்றிய துணி என்று பலர் நம்பும், ஒரு மனிதனின் உருவம் பதிந்த புனிதத் துணியைப் போன உடனே பார்த்துவிட முடியாது. எப்போதாவதுதான் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறார்கள். 2010-இல் வைத்தார்கள், அப்புறம் 2015-இல். மற்ற நாட்களில் அது புனித திருமுழுக்கு யோவான் பேராலயத்தின் இடப்பக்கக் கடைசிச் சிற்றாலயத்தில், ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டிக்குள், சுருட்டாமல் மடிக்காமல் நீட்டி வைக்கப்பட்டிருக்கிறது. நாம் முழந்தாளிடுவது அந்தப் பெட்டியின் முன்னால்தான். எனக்கு அது குறையாகப் படவில்லை, திருப்பலி அப்பத்தை மூடி வைக்கும் நற்கருணைப் பேழையின் முன்னால் இருப்பதும் அப்படித்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

பேராலயத்தை ஒட்டித்தான் இந்தத் துணிக்காகக் குவாரினி என்ற கட்டடக் கலைஞர் கட்டிய சிற்றாலயம் இருக்கிறது. 1997 ஏப்ரலில் ஓர் இரவு அது தீப்பிடித்து எரிந்தபோது, தீயணைப்பு வீரர்கள் குண்டு துளைக்காத கண்ணாடியைச் சம்மட்டியால் உடைத்துத் துணி இருந்த பேழையை வெளியே கொண்டுவந்தார்கள். சீரமைத்துத் திறக்க 2018 ஆகிவிட்டது. இதற்கு முன்பும், 1532-இல், பிரான்சின் ஷாம்பெரியில் நடந்த தீ விபத்தில் துணி ஓட்டை ஓட்டையாகக் கருகி, துறவறக் கன்னியர் ஒட்டுத்துணி வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

கொஞ்ச தூரத்தில் இருக்கும் புனிதத் துணி அருங்காட்சியகத்துக்குக் கட்டாயம் போங்கள். செக்கொந்தோ பியா என்ற வழக்கறிஞர் 1898-இல் முதன்முதலாக இந்தத் துணியைப் படமெடுத்த கேமரா அங்கே இருக்கிறது. நேரில் மங்கலான பழுப்புக் கறையாகத் தெரிவது, அவருடைய நெகட்டிவில் கண்மூடிய ஒரு மனிதனின் தெளிவான முகமாக வந்தது. கசையடித் தழும்புகள், தலையைச் சுற்றி இரத்தம், உள்ளங்கையில் இல்லாமல் மணிக்கட்டில் தெரியும் ஆணிக்காயம்... அந்தப் படத்தின் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன். இயேசுவின் பாடுகளின் வரலாற்றை எத்தனையோ பெரிய வெள்ளிகளில் கேட்டிருந்தாலும், அது ஓர் உடம்புக்கு நடந்தது என்பது அங்கேதான் உறைத்தது.

சரி, இது உண்மையிலேயே இயேசுவைச் சுற்றிய துணிதானா? இந்தக் கேள்வியை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போக என்னால் முடியாது, விடவும் கூடாது என்றே நினைக்கிறேன். 1988-இல் திருச்சபையே அனுமதி கொடுத்து, துணியின் ஒரு மூலையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் அகலமும் ஏழு சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரு கீற்றை வெட்டியெடுத்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு, சூரிச், அரிசோனா ஆய்வகங்களுக்கு ஆளுக்கு 50 மில்லிகிராம் அளவில் கொடுத்தார்கள். லினன் நூல் ஆளிச்செடியிலிருந்து வருவது. செடி உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும், அறுத்த பிறகு அந்தக் கார்பன் மெதுவாகச் சிதைந்து 5730 ஆண்டுகளில் பாதியாகும். எவ்வளவு மிச்சம் என்று அளந்தால் செடியை எப்போது அறுத்தார்கள் என்று கணக்கிடலாம். மூன்று ஆய்வகங்களின் அளவுகளையும் சேர்த்து வந்த விடை கி.பி. 1260 முதல் 1390 வரை. தூரின் பேராயர் கர்தினால் பலெஸ்திரேரோவே அதை உலகுக்கு அறிவித்தார்.

வரலாற்று ஏடுகளும் ஏறக்குறைய அதையேதான் சொல்கின்றன. இந்தத் துணியைப் பற்றிய உறுதியான முதல் தடயம் 1350-களில், பிரான்சின் லிரே என்ற சிற்றூரில். 1389-இலேயே அந்தப் பகுதி ஆயர் இது ஓவியனின் கைவேலை என்று எழுதி வைத்திருக்கிறார்.

மறுப்புகளும் உண்டு. வெட்டிய மூலை பிற்காலத்தில் ஒட்டுப்போட்ட பகுதி என்று ரேமண்ட் ராஜர்ஸ் என்ற வேதியியலாளர் 2005-இல் எழுதினார். ஆனால் 2002-இல் துணியைச் சீரமைத்த நெசவு நிபுணர் ஃப்ளூரி-லெம்பெர்க் அங்கே அப்படி எந்த ஒட்டுநெசவும் இல்லை என்கிறார். தீப்புகையும் அழுக்கும் அளவை மாற்றியிருக்கும் என்பார்கள். முதல் நூற்றாண்டுத் துணி பதினான்காம் நூற்றாண்டுத் துணியாகத் தெரிய வேண்டுமானால், அதிலுள்ள கார்பனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இந்தக் காலத்துக் கார்பனாக இருக்க வேண்டும். ஆய்வகங்கள் மாதிரியைச் சுத்தப்படுத்திய பிறகும் அவ்வளவு அழுக்கு தங்கியிருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. அந்த உருவம் எப்படி உண்டானது என்பதில் மட்டும் இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை. 1978-இல் ஐந்து நாள் இரவுபகலாக ஆராய்ந்த அமெரிக்கக் குழு வரைந்த ஓவியம் அல்ல என்றது, அவர்கள் எடுத்த மாதிரிகளையே நுண்ணோக்கியில் பார்த்த வால்டர் மெக்ரோன் நிறமிதான் என்றார்.

இவ்வளவும் தெரிந்துதான் முழந்தாளிட்டேன். இது இடைக்காலத் துணி என்பதற்கே சான்று கூடுதலாக இருக்கிறது என்று அறிவு சொல்கிறது, அதை நான் ஏற்கிறேன். ஆனாலும் செபம் தடைபடவில்லை. 1998-இல் இங்கே வந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், இந்தத் துணியைப் பற்றிய கேள்விகளில் திருச்சபைக்குத் தனித் தகுதி இல்லை, ஆராயும் பொறுப்பை அறிவியலாளர்களிடம் விடுகிறது என்றார். அதே உரையில் இதை நற்செய்தியின் கண்ணாடி என்றும் சொன்னார். இரண்டையும் சேர்த்தே சொன்னது எனக்குப் பெரிய ஆறுதல். இயேசு உயிர்த்தெழுந்ததால் கல்லறை வெறுமையாக இருந்தது என்ற விசுவாசத்துக்கு இந்த லினன் துணி ஆதாரமாக நிற்க வேண்டியதில்லை.

மறுபடியும் வெட்டிச் சோதிக்கலாமா என்று கேட்கிறார்கள். என் கருத்து, கட்டாயம் செய்யட்டும். அந்த 1988 சோதனைக்கு 1986-இல் முதலில் திட்டமிட்டது ஏழு ஆய்வகங்கள், பிறகு அதை மூன்றாகக் குறைத்தார்கள், எடுத்ததும் ஒரே மூலையிலிருந்துதான். இந்த முறை வேறு வேறு இடங்களிலிருந்து எடுத்து, எல்லா அளவுகளையும் அப்போதே வெளியிட வேண்டும். விடை எதுவானாலும் நான் மறுபடியும் அங்கே போவேன்.