கொசுவைக் கணக்கில் கொண்டுவருவது: கொங்குப் பக்கத்திலிருந்து ஆய்வுக்கு வருபவர்களுக்கு

கோவை, ஈரோடு, சேலம் பக்கம் எம்.எஸ்சி. கணிதம் முடித்தவர்களில் பலருக்கு டெங்கு, மலேரியா பரவலைக் கணித மாதிரிகளால் ஆராயும் ஆசை இருக்கிறது. முக்கிய வாசல் சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வுதான். அதில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. பாரதியார், பெரியார் பல்கலைக்கழகங்களில் கணிதத் துறையிலேயே பதிவு செய்யலாம். ஆனால் இணை வழிகாட்டியாக விலங்கியல் அல்லது பொது சுகாதாரப் பக்கத்திலிருந்து ஒருவரைப் பதிவின்போதே சேர்த்துவிடுங்கள். நடுவில் சேர்ப்பது பெரிய அலைச்சல்.

அடிப்படைப் படிப்பு அதிகமில்லை. ரொனால்ட் ராஸ் 1911-இல் மலேரியாவுக்கு எழுதிய சமன்பாடுகள், 1927-இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் தந்த தொற்றுநோய் மாதிரி, 1950-களில் மெக்டொனால்ட் ராஸின் மாதிரியில் செய்த திருத்தம் ஆகியவற்றைக் கையால் எழுதிப் போட்டுப் பார்த்தால் போதும். அதற்கப்புறம்தான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நோயாளியைக் கடித்ததும் வைரஸைப் பரப்பிவிடாது. கொசுவின் உடலில் அது முதிர்ந்து எச்சிலுக்கு வர ஏறக்குறைய 8 முதல் 12 நாள் ஆகும். கொசுவின் சராசரி ஆயுளையும் 10 நாள், முதிர்வுக் காலத்தையும் 10 நாள் என்று வையுங்கள். கொசுக்கள் எந்த வயதிலும் ஒரே விகிதத்தில் இறக்கின்றன, முதிர்வு சரியாகப் பத்தாம் நாள் என்றால், அதுவரை உயிரோடிருக்கும் கொசுக்கள் 37 சதவீதம். ஆனால் எல்லோரும் வழக்கமாக எழுதும் சாதாரண வகைக்கெழுச் சமன்பாட்டில், தொற்றியும் இன்னும் பரப்பாத கொசுக்களை ஒரே பெட்டியில் (மாதிரியின் ஒரே பிரிவில்) போட்டுவிட்டால் விடை 50 சதவீதம் வரும். சில கொசுக்கள் முதல் நாளிலேயே பரப்பத் தொடங்குவதாகச் சமன்பாடு எடுத்துக்கொள்வதுதான் காரணம். அந்த ஒரு பெட்டியை நான்காகப் பிரித்தால் 41 சதவீதத்துக்கு இறங்கும். மூன்று வரி நிரல் கூடுதல், அவ்வளவுதான். இதைச் செய்யாத ஆய்வேடுகள் இன்னும் வருகின்றன என்பது வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு இடறல், ஆர்-நாட் (R₀), அதாவது ஒரு நோயாளியிடமிருந்து சராசரியாக எத்தனை பேருக்குத் தொற்றும் என்னும் எண். அதைக் கணக்கிடும் அடுத்த தலைமுறை அணி (next-generation matrix) முறையில் கிடைப்பது மெக்டொனால்ட் சூத்திர விடையின் வர்க்கமூலம். ஒன்றில் 4 என்றால் மற்றதில் 2. எந்த வரையறை என்று சொல்லாமல் வேறொருவர் எண்ணோடு ஒப்பிட்டால் நேர்காணலிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

இனி நம்ம ஊர் விஷயம். மழையை மட்டும் உள்ளீடாகக் கொடுத்த மாதிரி இங்கே பொய்த்துப் போகும். திருப்பூர் போன்ற ஊர்களில் குழாய்த் தண்ணீர் நாள் விட்டு நாள்கூட வராத பகுதிகளில் ட்ரம், அண்டா, சிமெண்ட் தொட்டி எல்லாவற்றிலும் பிடித்து வைக்கிறார்கள். கோடையிலும் கொசுவுக்கு இடம் இருக்கிறது. அதனால் தண்ணீர் விநியோக இடைவெளியையும் ஒரு மாறியாகச் சேருங்கள். முட்டை தொட்டிச் சுவரில் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். தொட்டியைக் காலி செய்தாலே முட்டை எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கும் மாதிரி தவறு, தேய்த்துக் கழுவினால்தான் குறையும்.

இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்காது. வீடு வீடாகப் போகும் கொசு ஒழிப்புப் பணியாளர்களோடு ஒரு சுற்று நடந்து வாருங்கள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, கொல்லையில் கிடக்கும் பழைய ஆட்டுக்கல்லின் குழி, மொட்டை மாடி டயர் என்று டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். கொசுப்புழு அளவைச் சொல்லும் குறியீடுகளையும் அங்கேயே கற்றுக்கொள்ளலாம். 200 வீட்டில் 14 வீட்டில் புழு இருந்தால் வீட்டுக் குறியீடு 7. பார்த்த 640 பாத்திரங்களில் 22-இல் புழு இருந்தால் பாத்திரக் குறியீடு 3.4, பிரெட்டோ குறியீடு (நூறு வீட்டுக்கு எத்தனை புழுப் பாத்திரம்) 11. இவை புழுவைச் சொல்லுமே தவிர, எத்தனை கொசு கடிக்கிறது என்பதைச் சொல்லாது. நேரடியாகக் கொசு எண்ணிக்கை என்று சமன்பாட்டில் போடக் கூடாது.

நோயாளித் தரவுக்கு பொது சுகாதாரத் துறையின் அனுமதியும் கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதலும் வேண்டும். இரண்டுக்கும் முதல் வருடத்திலேயே விண்ணப்பியுங்கள். தரவு கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, தேதி காய்ச்சல் தொடங்கிய நாளா, பதிவான நாளா என்பது. தீபாவளி வாரத்தில் வரைபடம் சரிந்தால் நோய் குறைந்தது என்று எழுதிவிடாதீர்கள், பரிசோதனை குறைந்திருக்கலாம். தனியார் ஆய்வகத்தில் அட்டைச் சோதனையில் தெரிந்த பலர் எலைசா என்னும் ஆய்வக இரத்தப் பரிசோதனையால் உறுதி செய்யாததால் கணக்கில் வராமல் போவார்கள். டெங்கு தொற்றியவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் நோய்க்குறி தெரியும் என்பதையும் சேர்த்தால், கையில் இருக்கும் எண் உண்மையில் சிறு பகுதிதான்.

அந்தச் சிறு பகுதியை வைத்துக் கடி விகிதம், ஆளுக்கு எத்தனை கொசு, ஒரு கடியில் தொற்றும் வாய்ப்பு மூன்றையும் தனித்தனியாகக் கணிக்க முடியாது. மூன்றும் பெருக்கலாகவே வருகின்றன. பெருக்குத்தொகையை மட்டும் கணியுங்கள், அல்லது ஒன்றையாவது கள ஆய்விலிருந்து நிலைநிறுத்துங்கள். மென்பொருளாக ஆர் அல்லது பைத்தான் போதும். உண்மைத் தரவுக்கு முன்னால், நீங்களே எண்களை முடிவு செய்து உருவாக்கிய போலித் தரவைக் கொடுத்து அதே எண்கள் திரும்பி வருகின்றனவா என்று சோதியுங்கள். வரவில்லை என்றால் உண்மைத் தரவிலும் வராது.

சமநிலைப் புள்ளியின் நிலைப்புத்தன்மையை நிறுவுவதோடு நிற்கும் ஆய்வேட்டுக்கு வேலைச் சந்தையில் மதிப்பு குறைவு. புதுச்சேரியில் ஐ.சி.எம்.ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆய்வு மையம் போன்ற இடங்களில் திட்ட வேலைகளுக்கோ, வெளிநாட்டு முதுமுனைவர் பணிக்கோ விண்ணப்பிக்கும்போது, இன்னொருவர் கணினியில் அப்படியே ஓடும் நிரலையும் ஒரு மாவட்டத்தின் உண்மைத் தரவில் செய்த பொருத்தத்தையும் கொடுங்கள். அதைத்தான் முதலில் திறந்து பார்ப்பார்கள்.