வடதுருவத்துக்கு யார் அனுப்பிய புகை?

ஆர்க்டிக் என்றாலே கண்ணாடி போலத் தெளிந்த காற்று என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1950களில் அங்கே பறந்த அமெரிக்க வானிலை விமானிகள் பார்த்ததோ ஒரு மங்கலான மூட்டம். அது ஐரோப்பாவிலும் அன்றைய சோவியத் நாட்டிலும் இருந்த ஆலைகளின் புகை என்று புரிய மேலும் இருபது ஆண்டுகள் ஆயின!

குளிர்காலத்தில் அங்கே காற்றைக் கழுவ மழை கிடையாது, பனிப்பொழிவும் குறைவு. தரையை ஒட்டிய குளிர்காற்றின் மேல் சூடான காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்துவிடும். உள்ளே ஆலைப் புகையில் வந்த கந்தக டை ஆக்சைடு வாயு மெல்ல சல்பேட் என்ற நுண்துகளாகிறது. கூடவே கரித்துகள். வசந்தம் வரை இப்படியே மிதக்கும்.

அப்புறம் கரி பனிமேல் படிகிறது. கைநிறைய அள்ளிப் பார்த்தாலும் வெள்ளையாகத்தான் இருக்கும். ஆனால் வெயிலைத் திருப்பி அனுப்ப வேண்டிய பனி அதைக் கொஞ்சம் கூடுதலாகக் குடித்து, சீக்கிரமே உருகுகிறது.

சல்பேட் நேர்மாறு: வெயிலைச் சிதறடித்துக் குளிர்விக்கும். 1991இல் சோவியத் உடைந்து ஆலைகள் ஓய்ந்த பிறகு அது குறைந்தது. நல்லதுதான், ஆனால் நிழலும் கொஞ்சம் போயிற்று. ரஷ்ய நகரமான நோரில்ஸ்க்கின் நிக்கல் உருக்காலைகளோ ஆர்க்டிக் வட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன. அந்தப் புகைக்குப் பயணச் செலவே இல்லை.